குறைந்த விலை கட்டாயமில்லை: கலிஃபோர்னியாவின் பள்ளி மாவட்டங்கள் ஆலோசகர்களை அமர்த்தும் முறை

ஜூன் மாதத்தில் கலிஃபோர்னியாவின் ஏதாவது ஒரு பள்ளி மாவட்டத்தின் இணையதளத்துக்குப் போய், வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் திறந்து பாருங்கள். நடுவில் ‘கன்சென்ட் காலண்டர்’ என்று ஒரு பகுதி இருக்கும். பேச்சுப் பயிற்சி தருபவர், தணிக்கை நிறுவனம், வழக்கறிஞர் அலுவலகம், கட்டடக் கலைஞர், ஆசிரியர்களுக்குக் கணிதப் பயிற்சி தருபவர் என்று முப்பது நாற்பது ஒப்பந்தங்கள் அதில் வரிசையாக நிற்கும். ஓர் உறுப்பினர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், ஒரே வாக்கெடுப்பில் அத்தனையும் நிறைவேறிவிடும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்துக்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் நிர்வாகப் பிரிவு. அமெரிக்காவின் பள்ளி மாவட்டம் வேறு. வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த வாரியமும், தனி பட்ஜெட்டும், தன் பெயரில் ஒப்பந்தம் போடும் உரிமையும் கொண்ட தனி அமைப்பு அது. கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இப்படிப்பட்ட மாவட்டங்கள் உண்டு. அவற்றின் கணக்கை 58 கவுண்டிகளின் கல்வி அலுவலகங்கள் மேற்பார்க்கின்றன. ஃப்ரீமாண்ட், கூபர்டினோ பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் இந்த வாரியத் தேர்தல்களில் வாக்களிக்கிறார்கள். கூட்டத்துக்குப் போய்ப் பேசவும் உரிமை உண்டு. ஒப்பந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

மேசை நாற்காலி போன்ற பொருட்களுக்கும் சாதாரணச் சேவைகளுக்கும் விதி எளிது. பொது ஒப்பந்தச் சட்டத்தின் 20111ஆம் பிரிவு ஒரு வரம்பு வைக்கிறது. அது ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப மாறும். 2025இல் 1,14,800 டாலர். அதைத் தாண்டினால் விளம்பரம் செய்து, மூடிய உறையில் விலைப்புள்ளி வாங்கி, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுக்க வேண்டும். ஆனால் அதே பிரிவு, தொழில்முறைச் சேவைக்கும் ஆலோசனைக்கும் தான் பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 53060ஆம் பிரிவு இதற்குத் துணை நிற்கிறது. நிதி, பொருளாதாரம், கணக்கு, பொறியியல், சட்டம், நிர்வாகம் ஆகிய துறைகளில் தனிப் பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்களை மாவட்டம் நேரடியாக அமர்த்திக்கொள்ளலாம்.

காரணம் புரியக்கூடியதுதான். மணிக்குக் குறைவாகக் கேட்கும் வழக்கறிஞர் இரண்டு மடங்கு மணிநேரம் எடுத்துக்கொண்டால் என்ன மிச்சம்? கட்டடக் கலைஞர், பொறியாளர் விஷயத்தில் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: முதலில் திறமையையும் தகுதியையும் வைத்துத் தேர்ந்தெடு, பிறகு நியாயமான கட்டணத்துக்குப் பேரம் பேசு என்கிறது அதே அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 4526ஆம் பிரிவு. மத்திய அரசும் 1972 முதல் இதே வழியில்தான் கட்டடக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கிறது.

ஆக, குறைந்த விலை என்ற பூட்டு இங்கே இல்லை. அதற்குப் பதிலாக வேலை விவரம், மதிப்பீடு, காப்பீடு, வாரிய ஒப்புதல், இன்வாய்ஸ் சரிபார்ப்பு என்று சின்னச் சின்னப் பூட்டுகள் ஐந்தாறு இருக்கின்றன. எல்லாவற்றையும் பூட்டினால்தான் கதவு நிற்கும். கோளாறுகள் பெரும்பாலும் ‘யாரைத் தேர்ந்தெடுத்தோம்’ என்பதில் வருவதில்லை. என்ன வேலை என்று எழுதாமல் விட்டதிலும், தேதியைக் கோட்டைவிட்டதிலும், பழைய ஒப்பந்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டித்ததிலும்தான் வருகின்றன.

விதிவிலக்குக்குள் வராத வேலைகள்

துப்புரவு, தோட்டப் பராமரிப்பு, அச்சடிப்பு, சாமான் ஏற்றி இறக்குவது இவையெல்லாம் ‘ஆலோசனை’ என்று பெயர் மாற்றினாலும் தொழில்முறைச் சேவை ஆகாது. ஒரே வேலையைத் துண்டு துண்டாக வெட்டி வரம்புக்குக் கீழே கொண்டுவருவதற்கும் சட்டத்தில் இடமில்லை. மேலும், மாவட்டத்தின் சொந்த ஊழியர்கள் வழக்கமாகச் செய்துவரும் வேலையை வெளியாருக்குத் தருவதென்றால் கல்விச் சட்டத்தின் 45103.1ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். உண்மையான சேமிப்பு உண்டு, அந்தச் சேமிப்பு வெளியார் தங்கள் ஆட்களுக்குத் தரும் குறைந்த சம்பளத்தால் மட்டும் வந்ததல்ல என்றெல்லாம் காட்ட வேண்டும். ஊழியர் சங்கங்கள் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருக்கும். வாரியக் கூட்டத்தில் ஒப்பந்தம் திடீரென்று ‘ஒத்திவைப்பு’ ஆவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

இதைவிடப் பலரைக் கவிழ்ப்பது மத்திய அரசின் பணம். டைட்டில் 1 (ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான மத்திய நிதி) போன்றவற்றிலிருந்து ஆலோசகருக்குப் பணம் போகிறதென்றால் மத்திய விதித்தொகுப்பின் 200ஆம் பகுதி வந்துவிடும். மாநிலம் தரும் விதிவிலக்கு அங்கே செல்லாது. மிகச் சிறிய கொள்முதலுக்கு மட்டும் போட்டி தேவையில்லை. அந்த வரம்பு பல ஆண்டுகள் 10,000 டாலராக இருந்து, 2025 அக்டோபரில் 15,000 ஆனது. அதற்கு மேல் போனால் போதுமான எண்ணிக்கையில் விலை கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பெரிய தொகை என்றால் முறையான முன்மொழிவு அழைப்பே தேவை. ‘ஒரே ஆள்தான் இதைச் செய்ய முடியும்’ என்றால் ஏன் என்பதற்குக் கோப்பில் எழுத்து வேண்டும். அந்த நிறுவனம் மத்திய அரசின் தடைப்பட்டியலில் இல்லை என்று சாம் (SAM.gov) என்ற மத்திய அரசு இணையதளத்தில் தேடி, அன்றைய தேதியுடன் அச்செடுத்து வைக்க வேண்டும். ஓர் உதாரணம்: 40,000 டாலருக்கு ஒரு பயிற்சியாளரை அமர்த்தியபோது மாநிலப் பணம். ஆண்டின் நடுவில் பட்ஜெட் இடித்ததும் செலவை டைட்டில் 1 கணக்குக்கு மாற்றினார்கள். விலை ஒப்பீட்டுக் கோப்பு கிடையாது. தணிக்கைக் குறிப்பு எழுத இவ்வளவு போதும்.

வேலை விவரம் எழுதுவது

‘நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணிதத்தில் ஆதரவு வழங்குதல், 48,000 டாலருக்கு மிகாமல்.’ நிகழ்ச்சி நிரல்களில் இப்படிப்பட்ட வரிகள் ஏராளம். இதை வைத்துக்கொண்டு யாரையும் கேள்வி கேட்க முடியாது. எத்தனை நாள் வந்தாலும் ஆதரவுதான். வராவிட்டால் தொலைபேசியில் ஆதரவு.

அதே வேலையை இப்படி எழுதலாம். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை கணிதம் நடத்தும் 24 ஆசிரியர்கள். ஆறு மணிநேரப் பயிற்சி நாள் 6, நாளுக்கு 5,000 டாலர். ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்பிலும் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்வது, மொத்தம் 48 முறை, முறைக்கு 300 டாலர். மே மாத இறுதிக்குள் ஓர் அறிக்கை, 3,000 டாலர். பயணம், தங்கல், அச்சுப் பிரதிகள் எல்லாம் இதற்குள் அடக்கம். கூட்டினால் 30,000, 14,400, 3,000, ஆக 47,400. இப்போது இன்வாய்ஸ் வந்தால் ஒரு குமாஸ்தாவே சரிபார்த்துவிடுவார். நவம்பரில் 10 வகுப்புகள்தான் பார்த்திருக்கிறார்கள் என்றால் 3,000 டாலருக்கு மேல் அந்த வரியில் கேட்க முடியாது. பயிற்சி தரப்போகும் ஆளின் பெயரையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. நேர்காணலுக்கு மூத்தவரை அனுப்பிவிட்டு வேலைக்கு நேற்றுச் சேர்ந்தவரை அனுப்புவது இந்தத் தொழிலின் பழைய பழக்கம்.

கட்டடக் கலைஞர் ஒப்பந்தத்தில் வேறொரு சிக்கல். கட்டணம் பெரும்பாலும் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம். எந்தச் செலவில்? மதிப்பீட்டிலா, ஒப்பந்ததாரர் கேட்ட தொகையிலா, இடையில் ஏறிய கூடுதல் வேலைகளையும் சேர்த்தா? வரைபடத்தில் தவறு செய்து அதனால் செலவு ஏறினால் அதற்கும் சதவீதம் உண்டா? இதை முதலிலேயே எழுதாத மாவட்டம் பிறகு வழக்கறிஞருக்கும் பணம் கொடுக்கும்.

மதிப்பெண் போடுவதில் உள்ள கணக்கு

சட்டம் கேட்காவிட்டாலும் பெரிய சேவைகளுக்கு முன்மொழிவு அழைப்பு, சுருக்கமாக ஆர்.எஃப்.பி., விடுவது பல மாவட்டங்களின் வழக்கம். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஜூன் வாரியக் கூட்டம். அதற்கான கோப்புகள் பத்து நாளுக்கு முன்பே உள்ளே போக வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தப் பேச்சு, நேர்காணல், மதிப்பீடு. நிறுவனங்கள் பதில் எழுத மூன்று நான்கு வாரம், நடுவில் கேள்விகளுக்கு எழுத்தில் பதில். ஆக, மார்ச் மாதமே அழைப்பு வெளியாக வேண்டும். ஏப்ரல் கடைசியில் விட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மட்டும்தான் ஒழுங்காகப் பதில் எழுதுவார்.

100 மதிப்பெண் என்றால் அனுபவத்துக்கு 30, வேலை செய்யும் முறைக்கு 25, வரப்போகும் ஆட்களுக்கு 20, பழைய வாடிக்கையாளர் கருத்துக்கு 10, விலைக்கு 15 என்பதுபோல் பிரிப்பார்கள். விலை மதிப்பெண்ணை யாரும் கையால் போடக் கூடாது, சூத்திரம் வேண்டும்: மிகக் குறைந்த விலையை அந்த நிறுவனத்தின் விலையால் வகுத்து 15ஆல் பெருக்குவது. 60,000, 75,000, 1,20,000 டாலர் என்று மூன்று விலை வந்தால் 15, 12, 7.5. இரண்டு மடங்கு கேட்டவர் இழப்பது ஏழரை மதிப்பெண்தான் என்பதைக் கவனியுங்கள். விலைக்கு 15 போதுமா 30 வேண்டுமா என்பதை உறைகளைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்து அழைப்பில் அச்சடித்துவிட வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்து பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழுவில் நான்கு பேர் முதல் நிறுவனத்துக்கு 82, இரண்டாவதற்கு 80 போடுகிறார்கள். ஐந்தாமவர் முதலாவதற்கு 50, இரண்டாவதற்கு 95. கூட்டினால் முதல் நிறுவனம் 378, இரண்டாவது 415. நான்கு பேர் ஒரு பக்கம் நிற்க, ஒருவர் விருப்பப்படி முடிவு போய்விட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்றுகூட இல்லை. சிலர் 75க்கும் 85க்கும் நடுவிலேயே பேனாவை ஓட்டுவார்கள், சிலர் முழு அளவுகோலையும் பயன்படுத்துவார்கள். மதிப்பெண்ணைத் தரவரிசையாக மாற்றிக் கூட்டினால் இந்தக் கோளாறு பெரிதும் குறையும்: முதல் நிறுவனத்துக்கு நான்கு முதலிடம், இரண்டாவதற்கு ஒன்று. அல்லது குழுவை ஒன்றாக உட்கார வைத்து, பெரிய வித்தியாசம் உள்ள இடங்களில் காரணம் கேட்க வேண்டும். தாள்களைக் கிழித்துப் போடக் கூடாது. தோற்ற நிறுவனம் பொது ஆவணச் சட்டப்படி கேட்டால் காட்ட வேண்டிவரும்.

பழைய வாடிக்கையாளரிடம் விசாரிப்பதற்கு 10 மதிப்பெண் என்று போடுவார்கள். போன் செய்வது மட்டும் நடக்காது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2023இல் ஆல்ஹியர் என்ற நிறுவனத்துடன் 60 லட்சம் டாலர் வரையிலான ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. மாணவர்களுக்கான செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை அது செய்து தர வேண்டும். 2024 மார்ச்சில் ‘எட்’ என்ற பெயரில் விழா எடுத்து வெளியிட்டார்கள். ஜூனிலேயே நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதற்குள் மாவட்டம் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. நவம்பரில் அதன் நிறுவனர் மீது முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக மத்திய வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். 2020இல் 37 லட்சம் டாலர் வருமானம் என்று சொன்னார், உண்மையில் சுமார் 11,000 என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. முதலீட்டாளர்களிடம் சொன்ன கதையை மாவட்டம் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் இளம் நிறுவனத்திடம் தணிக்கை செய்த நிதிநிலை அறிக்கையைக் கேட்பதும், வேலை முடிய முடியப் பணம் தருவதும், நிறுவனம் மூழ்கினால் நிரலும் தரவும் யாருக்கு என்று எழுதிக்கொள்வதும் எந்த மாவட்டத்தாலும் முடியும்.

கையெழுத்துக்கு முந்தைய காகிதங்கள்

காப்பீட்டில் வழக்கமாகக் கேட்பது பொதுப் பொறுப்புக்கு ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், ஆண்டுக்கு மொத்தம் 20 லட்சம். தொழில்முறைத் தவறுக்குத் தனிக் காப்பீடு, ஊழியர் விபத்துக் காப்பீடு, பிள்ளைகளோடு பழகுபவர் என்றால் பாலியல் துன்புறுத்தல் பொறுப்புக்கும் ஒன்று. இந்தக் கடைசிக் காப்பீடு, பழைய வழக்குகளுக்கு வழிதிறந்த ஏபி 218 சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்த பிறகு விலையேறிவிட்டது. தனியாள் ஆலோசகர்கள் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பக்கச் சான்றிதழ் மட்டும் வந்தால் போதாது என்பதைப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கவனிப்பதில்லை. மாவட்டத்தையும் காப்பீட்டில் சேர்த்திருப்பதாகச் சொல்லும் இணைப்புப் படிவம் தனியாக வர வேண்டும். சான்றிதழில் அப்படித் தட்டச்சு செய்திருந்தாலும், பாலிசியில் இணைப்பு இல்லையென்றால் பாதுகாப்பு இல்லை.

மாணவர்களோடு மாவட்ட ஊழியர் உடனில்லாமல் பழகும் ஒவ்வொருவருக்கும் கைரேகைச் சோதனை முடிந்திருக்க வேண்டும் என்கிறது கல்விச் சட்டம் 45125.1. மாணவர் பதிவுகளைத் தொடும் மென்பொருள் என்றால் 49073.1 கேட்கும் நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்; பதிவுகள் மாவட்டத்தின் சொத்து, விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. சிறப்புக் கல்விக்கு வரும் தனியார் முகமை என்றால் மாநிலக் கல்வித் துறையின் சான்று நடப்பு ஆண்டுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை ‘ஆலோசகர்’ என்று அமர்த்தி, காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வரச்சொல்லி, ஒரு பள்ளியை நடத்தச் சொல்வதும் நடக்கிறது. காகிதத்தில் என்ன எழுதினாலும் அவர் ஊழியர்தான். வரித்துறைக்கும் ஆசிரியர் ஓய்வூதிய அமைப்புக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

வாரியத்தின் கையில்

கல்விச் சட்டத்தின் 17604ஆம் பிரிவை ஒவ்வொரு ஆலோசகரும் படித்துவைத்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தம் போடும் அதிகாரத்தை வாரியம், மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்டுக்கோ வேறு அதிகாரிக்கோ தரலாம். ஆனால் வாரியம் ஒப்புதலோ பின்னேற்போ (ஒப்பந்தம் போட்ட பிறகு தரும் ஒப்புதல்) தரும்வரை அந்த ஒப்பந்தம் மாவட்டத்தைக் கட்டாது. அதிகாரி முறைகேடு செய்தால் போன பணத்துக்கு அவரே சொந்தமாகப் பொறுப்பு. ‘நீங்கள் ஆரம்பித்துவிடுங்கள், காகிதம் பின்னால் வரும்’ என்று ஒரு தலைமையாசிரியர் அன்பாகச் சொன்னால், அந்த அன்புக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நடைமுறையில் வாரியங்கள் பின்னேற்பு தந்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஒரு மாவட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பின்னேற்பு என்ற சொல் மாதாமாதம் பத்து இடத்தில் வந்தால், அங்கே கொள்முதல் அலுவலகத்தை யாரும் மதிப்பதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

சொந்த ஆதாயம் பற்றிய, அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 1090ஆம் பிரிவு கடுமையானது. ஒப்பந்தத்தை உருவாக்குவதில் பங்குகொண்டவருக்கு அதில் பண ஆதாயம் இருந்தால் ஒப்பந்தமே செல்லாது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டிவரலாம், வேலை நன்றாக நடந்திருந்தாலும். இதோடு 2023இலிருந்து லெவின் சட்டம் வாரிய உறுப்பினர்களுக்கும் பொருந்துகிறது. முந்தைய 12 மாதத்தில் ஒரு நிறுவனத்திடமிருந்து தேர்தல் நன்கொடையாக 500 டாலருக்கு மேல் வாங்கிய உறுப்பினர் அந்த நிறுவனத்தின் ஒப்பந்த முடிவில் கலந்துகொள்ளக் கூடாது. 2024 முடியும்வரை இந்த வரம்பு 250 டாலராக இருந்தது. குறைந்த விலைப் போட்டியில் போகும் ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. கட்டடக் கலைஞர், வழக்கறிஞர் போன்றோரின் பெரிய ஒப்பந்தங்கள் அந்தப் போட்டியில் போவதில்லை, ஆகவே மாட்டிக்கொள்ளும்.

வாரியம் கேட்க வேண்டியதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு மாநிலத்து உதாரணம் ஒன்று. 2013 ஜூனில் சிகாகோ பொதுப் பள்ளிகளின் வாரியம், தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி தர சூப்பஸ் அகாடமி என்ற நிறுவனத்துக்கு 2.05 கோடி டாலர் ஒப்பந்தத்தைப் போட்டியே இல்லாமல் தந்தது. அன்றைய தலைமை நிர்வாகி பார்பரா பேர்ட்-பென்னட் முன்பு அதே நிறுவனத்துக்கு ஆலோசகராக வேலை பார்த்தவர். கையூட்டுத் திட்டத்தில் பங்குண்டு என்று 2015இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் நாலரை ஆண்டு சிறை. இவ்வளவு பெரிய வேலையை ஏன் ஒரே நிறுவனத்தால்தான் செய்ய முடியும் என்ற கேள்வி வாரியக் கூட்டத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. உள்ளூர்ச் செய்தியாளர்கள்தான் அதைக் கேட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணிநேரத்துக்கு முன்பே வெளியாக வேண்டும். கன்சென்ட் காலண்டரிலிருந்து ஓர் ஒப்பந்தத்தைத் தனியே எடுத்து விவாதிக்க உறுப்பினர் ஒருவர் கேட்டாலே பொதுவாகப் போதும். 40 ஒப்பந்தங்களையும் படிக்க நேரமில்லாதவர் மூன்றை மட்டும் பார்க்கலாம்: போன ஆண்டைவிடத் தொகை ஏறியவை, தொடக்கத் தேதி கூட்டத் தேதிக்கு முந்தியவை, வேலை விவரம் ஒரே வரியில் இருப்பவை.

ஒப்புதலுக்குப் பிறகு

பர்ச்சேஸ் ஆர்டர் எழுதி, 5800 என்ற செலவுக் குறியீட்டில் பணத்தை ஒதுக்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும். இன்வாய்ஸை வேலையை நேரில் பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 48 வகுப்புப் பார்வையில் எத்தனை நடந்தது என்று தெரியாது. தொகை தீரும் நேரத்தில் திருத்த ஒப்பந்தம் வரும். முதல் ஒப்பந்தம் 45,000, முதல் திருத்தம் 20,000, இரண்டாவது 30,000 என்று ஏறும்போது, நிகழ்ச்சி நிரலில் புதிய 30,000 மட்டும் தெரிந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மொத்தம் 95,000 என்று அதே வரியில் எழுதச் சொல்லும் மாவட்டங்களில் திருத்தங்களின் எண்ணிக்கையே குறைய வாய்ப்புண்டு.

தொடர் சேவை ஒப்பந்தம் எதுவும் ஐந்தாண்டைத் தாண்டக் கூடாது. பொருள் வழங்கும் ஒப்பந்தத்துக்கு மூன்று. ஐந்தாம் ஆண்டு முடிவில் அதே நிறுவனத்தோடு அதே விவரத்தோடு புதிய ஒப்பந்தம் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை; பல இடங்களில் அதுதான் நடக்கிறது.

தணிக்கை நிறுவனம் மட்டும் இதில் தனி ரகம். ஏப்ரல் 1க்குள் வாரியம் ஏற்பாடு செய்யாவிட்டால் கவுண்டி சூப்பரின்டென்டென்ட் செய்துவிடுவார். பொறுப்பான கூட்டாளி ஆறு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து அதே மாவட்டத்தைத் தணிக்கை செய்யக் கூடாது. கட்டணத்தில் 10 சதவீதத்தை, மாநிலக் கணக்கு அதிகாரி அறிக்கையைச் சான்றளிக்கும்வரை மாவட்டம் பிடித்து வைத்திருக்கும். பல ஆண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டின் அறிக்கைக்குச் சான்று கிடைக்காவிட்டால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் பாதியைப் பிடித்து வைக்க வேண்டும். மற்ற ஆலோசகர் ஒப்பந்தங்களுக்கு இப்படிப் பிடித்து வைக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டுமென்றால் மாவட்டமே எழுதிக்கொள்ளலாம். மேலே சொன்ன கணிதப் பயிற்சி ஒப்பந்தத்தில் மே மாத அறிக்கைக்கு 3,000 டாலரைத் தனியே ஒதுக்கியது அந்த வேலையைத்தான் செய்கிறது. அறிக்கை வராமல் அந்தப் பணம் போகாது.